சிவப்பு விளக்கில் தெரியாதது

மார்ச் 2

அன்புள்ள இருட்டு ராணிக்கு,

உன் அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த முகவரியை வாங்கினேன். அவரைத் திட்டாதே. நீயும் நம் வாலுவும் சுகம்தானே? அவளுக்குப் பதினான்கு முடிந்திருக்கும். ஒன்பது வருடமாகப் பெற்ற பெண்ணின் முகம் தெரியாமல் இருக்கிறேன், அதை நினைத்துப் பார்.

என் படங்கள் புத்தகமாக வருகின்றன. பத்திரிகைக்காக இருபத்திரண்டு வருடம் எடுத்ததில் தேர்ந்தெடுத்தவை. அட்டையில் பாலத்துக் கலவரம். பஸ் டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு அடித்தே கொன்றார்களே, அப்போது இரும்புக் கம்பியை ஓங்கி நின்றவனின் முகம். பத்தடியில் நின்று எடுத்தேன். மண்டை உடைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ட்ரை-எக்ஸ் பிலிம் இல்லாவிட்டால் அந்த மழை மூட்டத்தில் ஒன்றும் தேறியிருக்காது. நீ எச்.பி.5 பிலிம் கட்சி, இதற்கும் சண்டைக்கு வருவாய்.

சமையலறைக்குப் பின்னால் இருந்த நம் இருட்டறை ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நீ மருந்துத் தட்டை ஆட்டி ஆட்டி முகங்களை வரவழைப்பாய். அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தா. மே மாதம் வெளியீட்டு விழா. வாலுவை அழைத்துக்கொண்டு வா. பழையதைக் கிளறாதே.

உன் போட்டோக்காரன்

மார்ச் 11

வாலுவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். நான் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே கழுவுகிறேன். இங்கும் இருட்டறை, இங்கும் சிவப்பு விளக்கு. மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு பெண்கள் வருவார்கள். முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் முறிந்திருக்கும். விழுகிறவள் உள்ளங்கையை ஊன்றுவாள். அந்த எலும்பு அங்கே முறிவது, அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியவளுக்குத்தான். நான் எதுவும் கேட்பதில்லை, படத்தைக் காயவைத்துக் கொடுத்துவிடுவேன்.

பழையதைக் கிளறாதே என்கிறீர்கள். உங்கள் புத்தகத்தின் அட்டையே அந்த நாள்தான்.

பாலத்திலிருந்து இரண்டு சுருள் கொண்டுவந்து கொடுத்தீர்கள். உங்கள் அட்டைப் படம் இரண்டாவதில் இருந்தது. முதல் சுருளைக் கழுவும் டாங்கில் போட்டு, பழுப்புப் பாட்டிலில் இருந்ததை ஊற்றினேன். படத்தை வரவழைக்கும் டெவலப்பர் இருக்க வேண்டிய பாட்டில் அது. காலை அவசரத்தில் அதில், முதலில் ஊற்றினால் படத்தையே கரைத்துவிடும் ஹைப்போவை ஊற்றி வைத்தது நீங்கள். எனக்கு அன்று மூக்கடைப்பு. இல்லாவிட்டால் அந்தப் புளிப்பு வாடையிலேயே கண்டுபிடித்திருப்பேன். சுருள் கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்தது. நீங்கள் அந்த எவர்சில்வர் டாங்கையே எடுத்து என் இடது காதில் அடித்தீர்கள். அந்தக் காது அன்றோடு செவிடு. விழுந்த பிறகும் அடித்தீர்கள். எத்தனை அடி என்று தெரியாது, நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன்.

பிறகு என் தாடையைப் பிடித்து விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே ஆகலையே, எதுக்கு நடிக்கிற?" என்றீர்கள். சிவப்பு விளக்கில் சிவப்பு தெரியாது. ரத்தம் வெறும் தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. இத்தனை வருடம் இருட்டறையில் இருந்தவருக்கு அது தெரியாதா?

அந்த வாரம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து என் முகத்தை நானே ஆறு படம் எடுத்தேன். எழுத்துகளைப் படம் பிடிக்க வாங்கி வைத்திருந்த ஆர்த்தோ பிலிமில். அதற்குச் சிவப்பு தெரியாது, அதனால்தான் சிவப்பு விளக்கிலேயே கழுவலாம். முகத்தில் சிவந்த இடமெல்லாம் பிரிண்டில் கரியாக வந்து நிற்கும்.

அந்த முதல் சுருளைப் பற்றிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? அதைச் சொல்லுங்கள். பிறகு மற்றதைப் பேசலாம்.

வாலுவின் அம்மா

மார்ச் 17

இருட்டு ராணிக்கு,

என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாயே, இதுதான்: "என் மனைவியின் கவனக்குறைவால் முதல் சுருள் அழிந்தது. அவளை அன்றே மன்னித்துவிட்டேன்." பெருந்தன்மையாகத்தான் எழுதியிருக்கிறேன். பாட்டிலை மாற்றியது நான் என்பது உன் கற்பனை. ஒரு மனிதன் சாகிற முப்பத்தாறு படத்தை, உயிரைப் பணயம் வைத்து எடுத்ததை, நீ கழுவி ஊற்றினாய். அன்று என் சட்டையிலும் அந்த டிரைவரின் ரத்தம் தெறித்திருந்தது. அந்த நிலைமையில் ஒரு அறை விட்டேன். ஊரில் யார் விடவில்லை? காது போனது சளியால், டாக்டரே சொன்னார்.

அந்த ஆறு படமும் உன்னிடம் இருந்தால் கொளுத்திவிடு. பதிப்பாளர் கண்ணில் பட்டால் என் பெயர் நாறிவிடும். பெண்ணிடம் ஏதாவது ஓதி அவளை எனக்கு எதிராகத் திருப்பினாயானால், அந்த ஆஸ்பத்திரிக்கே வந்து உன்னைத் தலைமுடியைப் பிடித்துத் தெருவில் இழுப்பேன். உன் இன்னொரு காதும் இருக்கிறது, மறந்துவிடாதே.

இத்தனை எழுதினாலும் உன்மேல் எனக்குப் பிரியம் உண்டு. விழாவுக்கு வா.

போட்டோக்காரன்

மார்ச் 30

வாலுவின் அப்பாவுக்கு,

இத்துடன் ஒரு சுருள் அனுப்பியிருக்கிறேன். ஆர்த்தோ பிலிம். கறுப்பு டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது, வெளிச்சத்தில் திறக்காதீர்கள். வேறு யாரிடமும் கொடுக்காமல் நீங்களே கழுவ வேண்டும். டாங்க் வேண்டாம், தட்டிலேயே போடுங்கள். சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, வருவதைக் கண்ணால் பாருங்கள்.

இரண்டு பக்கம் எழுதுவேனா, விழாவுக்கு யார் வருவார்கள், எல்லாவற்றுக்கும் பதில் இதில் இருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் மிரட்டலுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வாலுவின் அம்மா

ஏப்ரல் 9

அன்புள்ள இருட்டு ராணிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். தட்டில் புது டெவலப்பர், சிவப்பு விளக்கு, பக்கத்திலேயே நின்று ஆட்டினேன். நான் என்ன செய்ய? சுருள் மொத்தமும் கறுப்பாகிவிட்டது. ஒன்பது வருடத்துப் பிலிம், எந்த வெயிலில் வைத்திருந்தாயோ, பழசாகிப் புகை மூட்டம் அடித்த மாதிரி கெட்டுப்போயிருக்கிறது. ஒரு படம்கூட இல்லை. குப்பையில் போட்டுவிட்டேன்.

ஒரு வகையில் நல்லதுதான். அந்தக் கதை அதோடு முடிந்தது, உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. இனிமேலாவது அந்த இரண்டு பக்கத்தை எழுது. வாலுவுக்கு விழாவில் போட ஒரு நல்ல பட்டுப்பாவாடை வாங்கி வைத்திருக்கிறேன். அவளுக்கு என்ன உயரம் என்று எழுது.

உன் போட்டோக்காரன்

ஏப்ரல் 15

வாலுவின் அப்பாவுக்கு,

அந்தச் சுருள் ஒன்பது வருடத்தது இல்லை. மார்ச் இருபத்தெட்டாம் தேதி எடுத்தது. எடுத்தது வாலு.

உங்கள் கடிதங்களை அவள் படித்துவிட்டாள். தலைமுடியைப் பிடித்து இழுப்பேன் என்பது உட்பட. வேண்டாம் என்று மூன்று நாள் சொல்லிப் பார்த்தேன். அப்பாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன் என்று அழுதாள். அப்பா தன் கையாலேயே தன்னை வரவழைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கேமராவை ஜன்னல் திண்டில் வைத்து, டைமர் போட்டு, ஓடி ஓடிப் போய் நின்று பன்னிரண்டு படம் எடுத்தாள். உங்கள் மூக்கு அப்படியே அவளுக்கு இருக்கிறது. கடைசிப் படத்தில் ஒரு அட்டையைப் பிடித்திருந்தாள். "அப்பா, நான் வரட்டுமா?" என்று பெரிதாக எழுதியிருந்தாள்.

ஆர்த்தோ பிலிம் சிவப்பு விளக்கில் கறுக்காது. பத்து நாள் ஆன சுருள் டப்பாவுக்குள் வெயில் சூட்டிலும் கறுக்காது. மொத்தமும் கறுப்பாகிவிட்டது என்றால் ஒரே அர்த்தம்தான். அதில் என் அடிபட்ட முகம் இருக்கும் என்று பயந்து நீங்கள் சுருளை வெளிச்சத்தில் இழுத்துப் பாழாக்கியிருக்கிறீர்கள். பிரதி கிடையாது. உங்கள் கடிதம் வந்ததும் அவள் என்னிடம், "நான் கறுப்பா வந்துட்டேனாம்மா?" என்று கேட்டாள். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

என் ஆறு படங்களையும் ஒன்பது வருடத்துக்கு முன்பே கழுவிவிட்டேன். இதுவரை அவளுக்குக் காட்டியதில்லை. நேற்று காட்டினேன். அவள் அழவில்லை. காதுக்குக் கீழே கரியாக இருந்த இடத்தில் விரலை வைத்து, "இது அந்த டாங்கா?" என்றாள். ஆமாம் என்றேன். இன்னொரு செட் பதிப்பாளருக்குப் போய்விட்டது, பாட்டில் கதையோடு. நீங்கள் கேட்ட இரண்டு பக்கம் அதுதான். உங்கள் மன்னிப்பை அச்சடிப்பதா வேண்டாமா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரிக்கு வருவதானால் வாருங்கள். வாசலில் இருக்கும் காவலர்களிடம் உங்கள் படம் இருக்கிறது, எச்.பி.5-ல் நான் எடுத்தது, தெளிவாக வந்திருக்கிறது.

உயரம் கேட்டிருந்தீர்கள். என்னைவிட இரண்டு விரல் கூட. பாவாடையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

வாலுவின் அம்மா