பனிக்குத் தீட்டிய அருவாமனை

ஷரீஃபு,

ஏர்போர்ட்டுக்கு வண்டி வந்துருச்சு. வழியனுப்ப நிக்க மாட்டேன்னு நீ சாத்தூருக்கு உங்கம்மா வீட்டுக்குப் போயிட்ட. சாவி பக்கத்து வீட்டு வள்ளித்தாயக்காகிட்ட இருக்கு. கறிக்குழம்பு மிச்சம் இருக்கு, சுடவச்சு பாப்பா மஹ்ரீனுக்கு ஊட்டிரு.

அருவாமனை மழுங்கிப்போச்சுன்னு சொன்னேல்ல, காலையில அரம் போட்டேன். துபாயில கட்டடத்துக்குள்ள பனியைக் கொட்டிச் சறுக்குறாகளே, அந்தப் பலகையோட இரும்பு விளிம்பைத் தீட்டித் தீட்டிப் பழகின கை. அதே மாதிரி இதையும் சரிவா ராவாம செங்குத்தா ராவிட்டேன். இனி பனியில வழுக்காம நிக்கும், வெங்காயம் நறுக்காது. சிவகாசியில பனிக்கு எங்கன போக? சிரிச்சுக்க.

“இங்கன இருந்தாலும் உங்க நெனப்பு அங்கனதான்”னு நேத்து நீ சொன்னதுக்குக் கத்திட்டேன். இப்ப அருவாமனையே உன் பக்கம் சாட்சி சொல்லுது. ஆனா அங்கன அரம் பிடிக்கையில கை மட்டும்தான் பலகையில இருக்கும். நெனப்பு பூரா நம்ம அடுப்படியிலதான்.

உதுமான்

ஈரத்தோட வச்சிராத, துருப்பிடிக்கும். தேங்காயெண்ணெய் தடவி வை.

இன்னொண்ணு. தெருவுல சாணைக்காரர் வந்தா அதைக் குடுத்துராத. கத்தியை வச்சு ஓட்டிக்க. அதை நான் வந்துதான் சரி பண்ணணும்.