வரதராசாவின் ஆயுள் தடையை என் பெயரில் எழுதும்படி

அனுப்புநர்:
வல்லிபுரம் பொன்னம்பலம் (வயது 68),
மூன்றாம் மாடி, பின்பக்க அறை,
ரூ பஜோல், பாரிஸ் 18.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஒழுக்காற்றுக் குழு,
வடபகுதி மாகாண றக்பிச் சங்கம், இரண்டாம் பிரிவு.

பொருள்: 05.04.1987 ஞாயிற்றுக்கிழமை ஒபர்வில்லியேயில் நடந்த பருவத்தின் கடைசி ஆட்டத்தில், என் மகன் பொன்னம்பலம் வரதராசா (இலக்கம் 15) மைதானத்தை விட்டு வெளியேறியதற்காக அவன்மீது விதிக்கப்பட்ட ஆயுள் தடை பற்றியது.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவர் எங்கள் கட்டடத்தின் முதலாம் மாடியில் இருக்கும் புதுச்சேரி அம்மா, திருமதி தெரேஸ் அவர்கள். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதைப் பிரெஞ்சிலும் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறார். என்ன சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் எழுதும்படி அவரைக் கேட்டிருக்கிறேன்.

2. றக்பி தெரியாத கிழவன் ஒருவன் மகனுக்காகப் புலம்புகிறான் என்று தாங்கள் நினைக்கக்கூடாது. இலங்கையில் கண்டி நகரத்தில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் மைதானத்தில் இருபத்தாறு வருடம் புல் வெட்டி, கம்பம் நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டவன் நான். வரதராசா நடக்கப் பழகியது அந்தக் கோட்டின்மேல்தான். 1983 கலவரத்தில் அந்த வேலையும் வீடும் போயின. மகன் 1984இல் இங்கே வந்தான். அடுத்த வருடம் என்னைக் கூப்பிட்டான். என் மனைவி நாகேஸ்வரி யாழ்ப்பாணத்தில் தங்கினாள். அவளையும் கூப்பிடுவதற்கு மகன் பத்திரங்கள் கொடுத்து, பதிலுக்குக் காத்திருந்தோம்.

3. மகன் பகலில் ஒரு றெஸ்ரோரனில் கோப்பை கழுவுகிறான். ஒபர்வில்லியேப் பண்டகசாலைத் தொழிலாளர் கழகத்தில் அவனைச் சேர்த்தவர் அதன் பயிற்றுநர் திரு. ரொபேர். நான் முதல் நாள் அங்கே போனபோது கோடுகள் கோணலாகக் கிடந்தன. பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கயிறு கட்டி நேராகப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கே ரொபேர் கோடு போடும் வண்டியையும் சுண்ணாம்புக் கொட்டிலின் சாவியையும் என் கையில் தந்துவிட்டார். இரண்டு வருடமாக அந்த மைதானத்தின் கோடெல்லாம் நான் போட்டதுதான்.

4. இந்தப் பருவத்தைப் பற்றித் தங்கள் புத்தகத்தில் எழுதியிருக்கும். என்னிடம் புத்தகம் இல்லை, ஆனால் ஒன்றும் மறக்கவில்லை. பத்துக் கழகம், பதினெட்டு ஆட்டம். செப்டெம்பரில் முதல் ஆட்டம் 6க்கு 19 என்று தோற்றோம். நிலம் காய்ந்து பலகை போல் இருந்தது, மகனுடைய இரண்டு முழங்காலும் உரிந்து வந்தன. நவம்பரில் ஒரு மூடுபனி நாள். உதைக்கிற இடத்திலிருந்து கம்பம் தெரியவில்லை. எதிர்ப்பக்கத்து ஆட்கள் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் நின்று, "ஏய் கோப்பை கழுவி, சட்டி எங்கே இருக்கென்று தெரியுதா?" என்று கத்தினார்கள். மகன் என் பக்கம் திரும்பி, "அப்பு, கம்பம் நேற்று இருந்த இடத்திலைதானே இருக்கு?" என்று கேட்டான். ஓம் என்றேன். உதைத்தான். கம்பத்தடியில் நின்ற கோட்டு நடுவர் கொடி தூக்கியதும் எங்களுக்குத் தெரியவில்லை, அங்கே நின்ற ஆட்கள் திட்டிய சத்தத்தில்தான் உள்ளே போனது தெரிந்தது. அன்று 9க்கு 7. தை மாதத்தில் நிலம் உறைந்தபோது நான் விடியவே போய் இரும்புக் கம்பியால் முழு மைதானத்தையும் குத்திப் பார்த்து, கீழ்ப்பக்க மூலை ஆட்டத்துக்கு உதவாது என்று ரொபேரிடம் சொன்னேன். பதினேழு ஆட்டம் முடிந்தபோது நாங்கள் இரண்டாம் இடம். முதல் இடத்துக்கும் எங்களுக்கும் ஒரு புள்ளி. கடைசி ஆட்டம் அந்த முதல் இடத்துக் கழகத்தோடேயே, எங்கள் மைதானத்தில். வென்றால் முதலாம் பிரிவு. கம்பத்துக்கு உதைக்க எங்களிடம் வரதராசாவை விட்டால் வேறு ஆள் இல்லை.

5. ஏப்ரல் 3ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடைக்குக் கொழும்பிலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. நாகேஸ்வரி வியாழக்கிழமை இறந்துவிட்டாள் என்றார்கள். நாலு நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் ஓடவில்லை. அன்றைக்கே தகனமும் முடிந்துவிட்டது. அவளுடைய அண்ணன் மகன் கொள்ளி வைத்தானாம்.

6. ஐயா, இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். வீட்டில் ஒருவர் இறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. தாய்க்கு மகன் தலை மழித்து, மச்சம் மாமிசம் இல்லாமல் இருக்க வேண்டும். விளையாட்டு, கொண்டாட்டம் ஒன்றுக்கும் போகக்கூடாது. தூரதேசத்தில் இருப்பவனுக்கு இந்த நாட்கள் செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் எண்ணப்படும். காதில் விழாத வரைக்கும் அவனுக்குத் துடக்கு இல்லை.

7. இந்தக் கணக்கைத்தான் நான் போட்டேன். எனக்குச் செய்தி விழுந்துவிட்டது, அவனுக்கு விழவில்லை. கடைக்காரரிடம் ஞாயிறு பின்னேரம் வரைக்கும் வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நான் தலைக்கு வார்க்க வேண்டும். ஈரத் தலையைக் கண்டால் ஏன் என்று கேட்பான் என்று அதையும் செய்யவில்லை. லா சப்பல் மெற்றோப் பாலத்துக்குக் கீழே போய் நின்றேன். மேலே வண்டி போகும்போது மட்டும் வாய் விட்டு அழுதேன். ஐந்து வண்டி போகும் வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

8. ஆட்டத்துக்கு முதல் நாள் மகன் எப்போதும் ஆட்டிறைச்சி சாப்பிடுவான், பலம் வேண்டும் என்று. ஆகவே சனிக்கிழமை நான் போய் இறைச்சி வாங்கிக் கறி வைத்தேன். வைக்காவிட்டால் சந்தேகம் வரும். அவனோடு கூட இருந்து நானும் சாப்பிட்டேன். உப்புப் போட மறந்துபோனேன். அவன் சிரித்துக்கொண்டு, "என்னப்பு, கடல் வத்திப் போச்சோ? அம்மா வரட்டும், உங்களை அடுப்படிப் பக்கமும் விடமாட்டா" என்றான். நான் உப்புப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். தெரேஸ் அம்மா இந்த இடத்தில் எழுதாமல் நிறுத்திவிட்டார். இது மனுவுக்குத் தேவையில்லாத விஷயம் என்று தாங்களும் நினைக்கலாம். ஐயா, என் பிழை என்ன என்று தாங்கள் தீர்ப்பதற்கு இதுதான் முக்கியம்.

9. ஞாயிறு ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. மழை தூறியது. காலையில் நான் கோடெல்லாம் இரட்டையாகப் போட்டிருந்தேன், பெரிய ஆட்டம் என்று. மகன் மூன்று தண்டனை உதைகளை உள்ளே போட்டான். அவர்கள் இரண்டு தடவை எங்கள் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து ட்ரை எடுத்து, ஒன்றுக்கு மட்டும் மேலதிக உதை போட்டார்கள். 9க்கு 10. ஆறு நிமிடம் இருக்கும்போது இடப்பக்கக் கோட்டுக்குக் கிட்டே, இருபத்திரண்டு மீற்றர் கோட்டுக்குச் சற்றுப் பின்னால், எங்களுக்கு ஒரு தண்டனை உதை கிடைத்தது. உள்ளே போனால் 12க்கு 10. கம்பத்துக்குச் சாய்கோணமான இடம்தான், ஆனால் அதே இடத்திலிருந்து அவன் மாசி மாதத்தில் இரண்டு போட்டிருக்கிறான்.

10. என் மனைவியின் தமையன் தில்லையம்பலம் ஆர்ஜொந்தெய்யில் இருக்கிறார். அவருக்கு அன்று மத்தியானம்தான் கொழும்பிலிருந்து செய்தி கிடைத்திருக்கிறது. துக்கம் விசாரிக்க எங்கள் அறைக்கு வந்து, பூட்டைக் கண்டு, அப்பனும் மகனும் பந்தடிக்கப் போய்விட்டார்கள் என்று பக்கத்து அறைக்காரர் சொல்ல, அந்தக் கோபத்தோடேயே பஸ் ஏறி மைதானத்துக்கு வந்துவிட்டார். மகன் குனிந்து பந்தை நிறுத்திக்கொண்டிருந்தான். மாமன் கயிற்றுக்கு வெளியே அவனுக்கு நாலு முழம் தூரத்தில் நின்றார். நான் மறு பக்கத்தில் நின்றேன். அவரைக் கண்டதும் ஓடினேன், மைதானத்தைக் குறுக்கே கடக்க என் கால் போதவில்லை. அவர் சொன்னது மழைக்குள்ளும் எனக்குக் கேட்டது: "டேய், கொம்மா செத்து நாலு நாளாகேல்லை, நீ இஞ்சை பந்தடிக்கிறியோ?"

11. மகன் நிமிர்ந்து மாமனைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைத் தேடினான். நான் மைதானத்தின் நடுவில் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு வேறு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பந்தை எடுத்துக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு, வெளியே போகும் படலைப் பக்கம் நடந்தான்.

12. நடுவரின் அறிக்கையைத் தெரேஸ் அம்மா எனக்கு வாசித்துக் காட்டினார். "எந்தக் காரணமும் இன்றி" என்று அதில் இருக்கிறது. காரணம் மேலே சொல்லியிருக்கிறேன். "பந்தைத் திருடிச் செல்ல முயன்றார்" என்று இருக்கிறது. தன் கையில் பந்து இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. பஸ் தரிப்பிடத்தில் ரொபேர் வாங்கியபோது, இது என்னுடையது இல்லை என்று சொல்லிக் கொடுத்தானாம். "நடுவரைத் தாக்கி வீழ்த்தினார்" என்று இருக்கிறது. நடுவர் படலைக்கு முன்னால், பக்கக் கோட்டில் வைத்து அவன் கையைப் பிடித்தார். அவன் உதறித் தள்ளினான். தள்ளினது உண்மை, நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் விழுந்தது ஈரச் சுண்ணாம்பில் கால் வழுக்கி. அந்தச் சுண்ணாம்பை அன்று காலை அளவுக்கு மேலே கொட்டியவன் நான். நடுவர் அவர்களிடம் நான் தலை வணங்கி மன்னிப்புக் கேட்கிறேன்.

13. விசாரணைக்கு அழைத்த கடிதம் ஏப்ரல் 21ஆம் திகதிக்கு என்று வந்தது. அது துடக்கு நாள். மகன் தலை மழித்து மூலையில் இருந்தான். கடிதத்தைத் திறக்கவில்லை, தெரேஸ் அம்மா பிறகுதான் திறந்து வாசித்தார். ஆகவே அவன் பக்கத்துச் சொல் ஒன்றும் தங்கள் மேசைக்கு வரவில்லை. அவன் வராததை மரியாதைக் குறைவு என்று எடுத்து ஆயுள் தடை விதித்திருக்கிறீர்கள். தங்களிடம் இருந்த கடதாசிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் நானும் அப்படித்தான் விதித்திருப்பேன்.

14. அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் மகன் ஒரே ஒரு தடவை பேசினான். "அம்மா செத்துக் கிடக்க எனக்கு இறைச்சி ஆக்கித் தந்தனியளே அப்பு." அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சோறு போட்டு வைத்தால் சாப்பிடுகிறான். சம்பளத்தில் வீட்டுக்கு உள்ளதை மேசையில் வைக்கிறான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கி வந்து தலைமாட்டில் வைத்தான். பேச்சு மட்டும் இல்லை. ஒரு அறையில் இரண்டு பேர் இருக்கிறோம்.

15. கேட்டவர்களிடமெல்லாம், அவனுடைய நன்மைக்காகத்தான் மறைத்தேன், எப்படியும் அகதி அட்டையோடு அவன் ஊருக்குப் போய்க் கொள்ளி வைக்க முடியாது, இரண்டு நாளில் என்ன குறைந்துவிடும் என்று சொல்லிவந்தேன். தங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மறைத்தது எனக்காக. இருபத்தாறு வருடம் மற்றவர்களின் பிள்ளைகள் ஓடுவதற்குக் கோடு போட்டேன். என் பிள்ளை அந்த உதையை உதைத்து வெல்வதை ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் அவனுடைய தாயை இரண்டு நாள் ஒளித்து வைத்தேன்.

16. ஆகவே தங்களிடம் நான் தாழ்மையாகக் கேட்பவை:

ஆட்டத்தின் முடிவை மாற்றும்படி கேட்கவில்லை. முதலாம் பிரிவு போனது போனதுதான். மற்றப் பதினாலு பிள்ளைகளிடமும் நான் நேரில் போய்க் கும்பிட்டுவிட்டேன். ஒருவரும் என்னை ஏசவில்லை.

வரதராசாவின் பெயரிலுள்ள ஆயுள் தடையை நீக்க வேண்டும். தடை யாருக்காவது விதித்தே ஆக வேண்டும் என்றால் அதை என் பெயரில் எழுதுங்கள். இனி எந்த மைதானத்துக்குள்ளும் கால் வைக்க மாட்டேன், கோடும் போட மாட்டேன். சுண்ணாம்புக் கொட்டிலின் சாவியை ரொபேரிடம் போன கிழமை கொடுத்துவிட்டேன்.

தடை நீங்கினால் அவன் திரும்ப விளையாடுவான் என்று நான் உறுதி சொல்லவில்லை. ரொபேர் இரண்டு தடவை வந்து கூப்பிட்டார், அவன் எழுந்து போகவில்லை. விடுவதென்றால் அவனாக விடட்டும். நான் செய்த வேலையால் அவனுக்குப் படலை மூடியிருக்கக்கூடாது.

17. கடைசியாக ஒன்று. தங்கள் முடிவு எதுவாக இருந்தாலும் பதிலை அவன் பெயருக்கு அனுப்ப வேண்டாம், என் பெயருக்கே அனுப்புங்கள். தெரேஸ் அம்மா வாசித்துச் சொல்வதாகச் சொல்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடிதத்தை உடைக்காமல் அவன் சாப்பிடுகிற மேசையில் வைப்பேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று அவனுக்குத் தெரியும். என்றைக்காவது ஒரு நாள் எடுத்து, உரத்து வாசிப்பான். தடை நீங்கியதோ இல்லையோ, அவன் வாயால் கேட்க வேண்டும். தயவுசெய்து சற்று நீளமாக எழுதுங்கள், ஐயா.

தங்கள் கருணையை எதிர்பார்த்திருக்கும்,

(இடது பெருவிரல் அடையாளம்)
வல்லிபுரம் பொன்னம்பலம்

இடம்: லா சப்பல், பாரிஸ்
திகதி: 14 யூன் 1987

சொன்னபடி எழுதியவர்: தெரேஸ்