பன்னிரண்டு மணி நகல்

ஜூன் 16, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. சயானில் தண்டவாளம் தெரியவில்லை. தானே ஸ்டேஷன் போய்ச் சேரவே ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து ஆபீசுக்கு ஐரோலி வண்டி. முழங்கால்வரை நனைந்த சல்வாரோடு நாள் முழுக்க ஏசி அறையில்.

இந்த வார வேலை: பழைய ஸ்டோரேஜில் இருப்பதைப் புதியதுக்கு மாற்றுவது. வெள்ளி மாலை பழைய பெட்டியை அணைத்துவிடுவார்கள்.

அம்மாவுக்கு இதை ஒருமுறை விளக்கியிருக்கிறேன். நம் லைனில் நாலு வீட்டுக்கு ஒரே குழாய் மாதிரி, ஆபீசில் நாலு சர்வருக்கு ஒரே ஸ்டோரேஜ். எந்த சர்வரில் எழுதினாலும் மற்ற மூன்றிலும் தெரியும். அம்மா உடனே, "அப்பம் அங்கயும் சண்ட வருமேட்டி?" வரும் அம்மா.

பெட்டி நிரம்பியதற்குக் காரணம் ரியாஸ். மணிக்கு ஒரு நகல் எடுத்து வைக்க ஏற்பாடு செய்தவன், பழைய நகலை அழிக்கச் சொல்ல மறந்துவிட்டான். ஆறு மாத நகல்கள், மணிக்கு ஒன்றாக. மேனேஜர் குல்கர்னி சார் இந்தியில், "ஆள் போய்விட்டான், குப்பையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஏப்ரலில் வேலையை விட்டான். ஞாயிறு அவனுக்கு நிக்காஹ், தாராவியில். கல்யாணப் பத்திரிகை ஆபீஸ் போர்டில் குத்தியிருக்கிறது. காபி எடுக்கப் போனால் கண்ணில் படும். இப்போதெல்லாம் காபி குடிப்பதில்லை.

அவன் கணக்கை நீக்கியதும் அவன் ஃபைல்களில் பெயர் போய் 1007 என்று மட்டும் காட்டுகிறது. சர்வருக்கு ஆள் என்றால் எண்தான். பெயர் நமக்காக.

வாங்க வேண்டியவை: அப்பாவின் பி.பி. மாத்திரை, மிளகாய்ப்பொடி. குடைக்கம்பி சரிசெய்ய.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். தமிழில் எழுதுவதால் பயமில்லை. தம்பி மணி இங்கிலீஷ் மீடியம், அவனுக்குத் தமிழ் அ, ஆவோடு சரி.

என் போன் பூட்டு மணிக்குத் தெரியும். அதனால் ரியாஸும் நானும் போனில் பேசிக்கொண்டதில்லை. ஸ்டோரேஜில் 'பழைய டெஸ்ட்' என்று ஒரு ஃபோல்டர், அதில் ஒரே ஒரு ஃபைல். அவன் மூன்றாம் மாடியில் ஒரு சர்வரிலிருந்து எழுதுவான். நான் இரண்டாம் மாடியில் இன்னொன்றிலிருந்து. பதிலைப் படித்ததும் கேள்வி, பதில் இரண்டையும் சேர்த்து அழித்துவிடுவது எங்கள் வழக்கம். ஒன்றரை வருடம். 'மதியம் என்ன சாப்பாடு' என்பதுதான் அதிகம்.

மார்ச் மாதம் ஒருநாள் இப்படி எழுதியிருந்தான்: "வாப்பாகிட்ட பேசட்டுமா? ஆமான்னா ஆமான்னு எழுது. ஒண்ணும் எழுதலன்னா நான் புரிஞ்சிக்கிறேன்."

அன்றிரவு தூங்கவில்லை. அவன் வீட்டில் தொழுகை, எங்கள் வீட்டில் முருகன் படம். அப்பாவின் முகம் எப்படி ஆகும் என்று எல்லாவற்றையும் யோசித்தேன். மறுநாள் காலை பத்து நாற்பதுக்கு எழுதினேன். ஆமா. ஒரு வார்த்தை.

நாலு மணிக்குத் திறந்தால் அவன் கேள்வி மட்டும் இருக்கிறது. என் ஆமா இல்லை. அவசரத்தில் சேமிக்காமலே மூடிவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி எழுதப் போகும்போது மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். அன்று மாலை தானே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவனே வந்தான். "நீ ஒண்ணும் எழுதல செல்வி. புரிஞ்சிக்கிட்டேன்." வண்டி வந்தது, பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டேன். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று.

மூன்று நாள் லீவு போட்டான். வரும்போது பெண் பேசி முடித்திருந்தார்கள்.

மூன்று மாதமாக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு ஃபைலைச் சேமிக்கத் தெரியாத பி.எஸ்சி. கம்ப்யூட்டர்.

இன்று அந்த நாளின் பதினொரு மணி நகல் என் முன்னால். திறந்தேன்.

ஆமா.

இருக்கிறது. நான் எழுதினேன். சேமித்தேன்.

லேடீஸ் டாய்லெட்டில் பத்து நிமிடம்.

ஜூன் 18, புதன்

என்ன ஆகியிருக்கும் என்று புரிந்துவிட்டது. ஒரே ஃபைலை இரண்டு பேர் திறந்திருந்தால் கடைசியில் சேமிப்பவர் எழுதியதுதான் நிற்கும். அவன் காலையிலேயே திறந்து வைத்திருந்திருப்பான். நான் எழுதியது தெரியாமல் எதையாவது திருத்திச் சேமித்திருப்பான். என் வார்த்தை போய்விட்டது. யார் மேலும் தப்பில்லை.

யார் மேலும் தப்பில்லை. இதை மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கு முன்னால் அவனுக்குத் தெரிய வேண்டும். அப்புறம் அவன் இஷ்டம். அந்தப் பெண் பாவம். ஆனாலும்.

ஜூன் 19, வியாழன்

ஆபீஸ் மாடிப்படியில் நின்று போன் செய்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக நானே அவனுக்கு.

"செல்வியா? க்யா பாத் ஹை, சூரியன் எந்தப் பக்கம் உதிச்சிது?"

"ஒண்ணு காமிக்கணும்."

"நாளைக்கு ஆறு மணி, சயான் ஸ்டேஷன் வெளிய. தாராவிப் பக்கம்."

வீட்டில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அம்மா: "இன்னைக்கு என்னட்டி, மொகத்துல வெளிச்சம்?" மணி: "சம்பளம் ஏத்திருப்பாங்க."

ஜூன் 20, வெள்ளி

மதியம். பதினொரு மணி நகலை போனில் படம் எடுத்தாயிற்று. என் வார்த்தை எத்தனை மணிக்கு அழிந்தது என்றும் காட்ட வேண்டும், ரியாஸ் கேட்பான், அப்படிப்பட்டவன். அதற்காகத்தான் பன்னிரண்டு மணி நகலைத் திறந்தேன்.

அதிலும் ஆமா இருக்கிறது. அதன் கீழே அவன் எழுதியது:

"செல்வி, உன்கிட்ட எப்படிச் சொல்ல"

அவ்வளவுதான். முற்றுப்புள்ளி இல்லை.

ஒரு மணி நகலில் இரண்டுமே இல்லை. கேள்வி மட்டும், நான் வரவே வராத மாதிரி.

படித்திருக்கிறான். பதில் எழுத ஆரம்பித்திருக்கிறான். அப்புறம் தன்னுடையதை அழித்து, என்னுடையதையும் அழித்து, மாலையில் வந்து 'நீ ஒண்ணும் எழுதல' என்றிருக்கிறான்.

இரவு. போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. சொன்ன நேரத்துக்குப் போய்ப் பழகிவிட்டது.

புது வாட்ச். கைநிறையக் கல்யாண சாமான் பைகள். என்னைப் பார்த்ததும் சிரித்து, பிறகு சிரிப்பை நிறுத்தி, பைகளைக் கீழே வைத்தான்.

"என்னமோ காமிக்கணும்னியே."

போன் கையில்தான். படமும் திறந்துதான் இருந்தது.

அவனே பேசினான். "அன்னிக்கு நீ ஒரே ஒரு வார்த்த எழுதியிருந்தா, வாப்பாகிட்ட சண்ட போட்டிருப்பேன் செல்வி. சச்சி, நெஜமா."

கண்ணைப் பார்த்துச் சொன்னான். அவன் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. அவனே அதை நம்பிவிட்டான் போல.

"மழ வருது," என்றேன். "கெளம்புதேன்."

"காமிக்கணும்னியே?"

"ஒண்ணுமில்ல. பத்திரிக போர்டுல இருக்குன்னு சொல்ல வந்தேன்."

எழுத மறந்தது: மாலை பெட்டியை அணைக்கும் முன் குல்கர்னி சார், "1007-ன் ஃபைல் ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டுமா?" என்றார். வேண்டாம் சார் என்றேன். சொன்ன பிறகு பன்னிரண்டு மணி நகலை மட்டும் புது ஸ்டோரேஜில் போட்டேன். பயிற்சி ஃபோல்டரின் அடியில், அவன் எண்ணோடு. எதற்கு? தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பெட்ஷீட், தலையணை உறை, அப்பாவின் யூனிஃபார்ம், எல்லாம் துவைத்தேன். வெயில் இல்லை. ஒன்றும் காயவில்லை.

"ஏட்டி, அந்த ஆபீசுப் பையன் கல்யாணத்துக்குப் போவலியா? பிரியாணி நல்லா போடுவாவளே."

தலைவலி என்றேன். தைலம் தேய்த்துவிட்டாள். ரொம்ப நேரம் தேய்த்தாள். அம்மாவுக்கு எவ்வளவு தெரியும்?

ஜூன் 23, திங்கள்

மழை விட்டிருக்கிறது. வண்டி சரியான நேரம்.

புதிதாக ஸ்னேஹா என்று ஒரு பெண். கல்யாணிலிருந்து வருகிறாள், முதல் வேலை, பேசினால் காது சிவக்கிறது. கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு.

சுவரில் எண் பட்டியல், ரியாஸின் கையெழுத்து. நாலு சர்வரிலும் ஒரு ஆளுக்கு ஒரே எண் இருக்க வேண்டும் என்று அவன் ஒட்டியது. குல்கர்னி சார் விரலை வைத்து, "1007 காலிதானே, இவளுக்குக் கொடு." கொடுத்தேன். பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் ஸ்னேஹா. நான் வைத்த ஃபைல் ஞாபகமே வரவில்லை. இரண்டு நாளாக எதுவுமே ஞாபகத்தில் நிற்பதில்லை.

முதல் பயிற்சி: ஸ்டோரேஜ் முழுக்க உன் பெயரில் என்ன ஃபைல் இருக்கிறது என்று தேடு. எனக்கு ரியாஸ் கொடுத்த அதே பயிற்சி. புது ஆளுக்கு ஒன்றும் வரக்கூடாது, அதுதான் சரியான விடை.

கொஞ்ச நேரத்தில் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "தீதி, என் பெயரில் ஒன்று வருகிறது. நான் எழுதவில்லை. என்ன மொழி இது?"

திரையில் அவன் கேள்வி, என் ஆமா, அதன் கீழே பாதி வரி. எழுதியவர்: 1007, ஸ்னேஹா.

"தமிழ்."

"என்ன எழுதியிருக்கிறது?"

கடைசி வரியைக் காட்டினேன். "முடிக்கவில்லை," என்றேன்.

"அழித்துவிடவா?"

"உன் பெயரில்தானே இருக்கிறது," என்றேன். "நீதான் அழிக்க வேண்டும்."