மேல்காதுக் கடுக்கன்

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். முதல்முறையாக முழுக் கடிதத்தையும் நானே எழுதுகிறேன்! நீயும் பாப்பாவும் நலம்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஒரு விஷயம், பயப்படாதே. நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில், "என்ன பெருசு, ஊசின்னா நடுக்கமா?" என்று சீண்டினார்கள். எனக்கா நடுக்கம் என்று போய் இடது மேல்காதைக் குத்திக்கொண்டேன். குத்தியவர் பராமரிப்புக் காகிதம் தந்தார். நானே படிப்பேன் என்று பெருமையாக வாங்கிவந்து, தினம் இரண்டு வரி எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்றாம் நாள்தான், "எண்ணெய் தடவாதீர்கள், கடுக்கனைத் திருகாதீர்கள்" என்ற வரிக்கு வந்தேன். அதற்குள், பாப்பாவுக்குக் காது குத்தியபோது செய்த மாதிரி இரண்டையும் செய்திருந்தேன்.

இப்போது காது சிவந்து கொதிக்கிறது. சீழ் பிடித்தால் காதே சுருங்கிவிடும் என்று அடுத்த வரி சொல்கிறது. உப்புநீரில் கழுவுகிறேன். காலையில் டாக்டரிடம் போகிறேன்.

நீ மேல்காது குத்திக்கொண்டு அழுதபோது சிரித்தேனே, மன்னித்துவிடு. அப்போது எப்படிப் படுத்துத் தூங்கினாய் என்று எழுது. உன் பழைய மெல்லிய சேலைத்துணி கொஞ்சம் அனுப்பு, தலையணையில் விரிக்க.

இரவு வேலைக்கு மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் இரண்டு காதோடும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா