திரையில் தெரிந்த ஒன்று

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

என் வேலை என்னவென்று கேட்டாயே. வெவ்வேறு கம்பெனிகளின் மின்சாரக் கருவிகள் ஒரே பாஷை பேச விதி எழுதுகிறோம். ஒரு கம்பெனிக்கு 'ஒன்று' என்றால் லைனில் கரண்ட் இருக்கிறது. இன்னொன்றுக்கு அதே 'ஒன்று' என்றால் இல்லை. "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்று எங்கள் குழுத் தலைவர் அதற்கான விதியை மூன்று முறை தள்ளிப்போட்டார். நானும் தலையாட்டினேன்.

போன வாரம் ஒரு விபத்து. பயப்படாதே, எனக்கு அடிபடவில்லை. சோதனைக்காகக் கண்ட்ரோல் அறையில் இருந்தேன். கம்பத்தில் இருந்தது முதல் கம்பெனியின் பெட்டி, என் முன்னால் இருந்தது மற்ற கம்பெனியின் திரை. திரையில் 'ஒன்று' வந்தது; கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். லைன்மேன் போனில், "தம்பி, நல்லா பாத்துட்டீங்கல்ல?" என்றார். "பாத்தாச்சுண்ணா, ஏறுங்க" என்றேன். உடலைத்தான் இறக்கினார்கள்.

இன்று அந்த விதி ஐந்தே நிமிடத்தில் நிறைவேறியது.

நான் தங்கியிருக்கும் அறையில் பல்பு போய்விட்டது. சுவிட்சை அணைத்தும் கழற்றக் கை வரவில்லை. அப்பாவின் டெஸ்டரை அனுப்பி வை.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். போன் செய்யவில்லை என்று கோபப்படாதே. "நல்லா இருக்கியா?" என்று நீ கேட்டால், அன்றைக்கு 'ஏறுங்க' என்று சொன்ன அதே குரலில்தான் "இருக்கேம்மா" என்பேன்.

உன் மகன்