எல்லோருக்கும் நன்றாக விளைந்த வருடம்

ஜனவரி 9

உருளைக்கிழங்கு வெட்டத் தொடங்கினோம். இப்படி ஒரு விளைச்சலை நான் பார்த்ததில்லை. செடியைப் பிடுங்கினால் கொத்துக் கொத்தாக வருகிறது, ஒரு பூச்சிக்கடிகூட இல்லை. அண்ணன் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்து ஒரு கிழங்கைத் துடைத்துப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. எனக்கும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மீசைக்காரர் நிலத்திலும் இதே கொத்து. சாலையைத் தாண்டினாலும் இதேதான். எல்லோருக்கும் நன்றாக விளைந்த வருடத்தைவிட மோசமான வருடம் எங்கள் தொழிலில் கிடையாது. விளைச்சல் கொஞ்சம் கூடினால் விலை பாதியாகிவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை கிழங்கு தின்பதில்லையே.

தரகருக்குப் போன் செய்தேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘பார்க்கலாம்’.

“விலை என்ன போகுதுங்க?”

“இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாதும்மா. பார்க்கலாம்.”

ஜனவரி 13

பார்த்தாயிற்று. இன்று கிடைத்தது வெட்டுக்கூலிக்கும் சாக்குக்கும் லாரிக்கும் சரியாகப் போனது. விதை, உரம், டீசல், நானும் அண்ணனும் முதுகொடிந்தது எல்லாம் மண்ணோடு மண்.

ஜனவரி 20

பம்புக்கு வாஷர் வாங்க டவுனுக்குப் போனேன். அப்படியே மளிகைக்கடையில் எட்டிப் பார்த்தால், கிழங்கு போன மாதம் விற்ற அதே விலை!

“எங்ககிட்ட இவ்வளவு அடிச்சு வாங்கறாங்களே, இங்க குறையவே இல்லையே?”

“நான் என்னம்மா பண்றது? மேலேருந்து என்ன விலை வருதோ அதான்.”

அந்த ‘மேலே’ எங்கே இருக்கிறது? ஏணி வைத்தாவது ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும். கடை வாசலில் சிப்ஸ் பாக்கெட் சரமாகத் தொங்குகிறது. ஒரு பாக்கெட் விலைக்கு என்னிடம் ஒரு வாளி கிழங்கு வாங்கலாம். அமுக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் காற்று. காற்றுக்குக் கிடைக்கிற மரியாதைகூடக் கிழங்குக்கு இல்லை.

ஜனவரி 27

குளிர்கிடங்கில் இடமில்லை. மேலாளர் நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார்: “இடம் இருந்தாலும் வேணாம்னுதான் சொல்லுவேன். நாலு மாசம் வெச்சா வாடகையே கிழங்கைத் தின்னுடும்.”

பிப்ரவரி 15

கிடங்குக் கொட்டகையில் கூட்டம். சுற்றுவட்டாரத்தில் கிழங்கு போடுகிற அத்தனை பேரும் வந்திருந்தார்கள். வழக்கம்போல் அரசாங்கத்தைத் திட்டினார்கள், பிறகு தரகர்களை, பிறகு மழையை. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன்.

“நாம எல்லாரும் ஒரே வாசல்ல ஒரே நேரத்துல முட்டிக்கிறோம். யார் உள்ள போக முடியும்? அடுத்த தடவை ஆளுக்கு மூணுல ஒரு பங்கு நிலத்துல கிழங்கைக் குறைப்போம். வேற எதையாவது போடுவோம். விலை தானா நிக்கும்.”

மீசைக்காரர்தான் முதலில் கை தூக்கினார். பிறகு எல்லோரும். அண்ணனும் தூக்கினான். வீட்டுக்குத் திரும்பும்போது என் கால் தரையில் இல்லை.

செப்டம்பர் 28

விதைக்கடைக்குப் போனேன். வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

“இந்த வருஷம் அமோகம்மா,” என்றார் கடைக்காரர். “போன வருஷத்தைவிடக் கூடப் போகுது.”

“குறைக்கிறதாத்தானே எல்லாரும் முடிவு பண்ணினோம்?”

சிரித்தார். “அதனாலதாம்மா கூடுது. மத்தவங்க குறைச்சா விலை ஏறுமில்ல? ஏறுற நேரத்துல நம்ம கையில சரக்கு இருக்கணும்னு ஆளாளுக்கு ரெண்டு மூட்டை சேர்த்து எடுக்கறாங்க. உங்கண்ணன் நேத்தே எடுத்துட்டுப் போயிட்டாரே, சொல்லலையா?”

சொல்லலை. என்கிட்ட சொல்லவே இல்லை. அந்தக் கூட்டத்துல பேசினவ நான். என் வீட்டு டிராக்டர் ஷெட்லயே மூட்டை அடுக்கியிருக்கு!

“கை தூக்கினியே அண்ணா?” என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“தூக்கினேன். எல்லாருந்தான் தூக்கினாங்க. எல்லாருந்தான் வாங்கறாங்க. நாம மட்டும் குறைச்சா விலை ஏறிடுமா? கடல்ல ஒரு சொம்பு மொண்டா கடல் வத்திடுமா?”

“ஆளாளுக்கு இதையே சொன்னா?”

“சொல்றாங்களே! அதான் நானும் சொல்றேன்.”

அண்ணி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: “கிழங்கைத்தான் குறைக்கல, ரெண்டு பேரும் சத்தத்தையாவது குறைங்க.”

அவன் சொன்னது தப்பென்று நிரூபிக்க என்னால் முடியவில்லை. எரிச்சலே அதுதான். ஒவ்வொருத்தரும் தனித்தனியாகப் புத்திசாலி. ஒன்றாகச் சேர்ந்தால் வடிகட்டின முட்டாள்கள்.

அக்டோபர் 4

நிலத்தில் என் பாதியைத் தனியாகக் கேட்டேன். கிழங்கு ஒரு வரிசைகூடப் போட மாட்டேன். பீன்ஸ்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். “ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும். பறிச்சதை அன்னிக்கே தள்ளணும். கிழங்கு நமக்காகக் காத்திருக்கும், பீன்ஸ் காத்திருக்காது.”

“காத்திருந்து என்னத்தைக் கண்டோம்?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் என் பாதியைத்தான் முதலில் உழுதுகொண்டிருந்தான்.

டிசம்பர் 6

முதல் பறிப்பு. பெரிய ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் பேசி முடித்துவிட்டேன். வாரத்தில் மூன்று நாள், பருவம் முழுக்க ஒரே விலை. தலைமைச் சமையல்காரி கறாரான ஆள். கூடையைக் கிளறிவிட்டு, “என்ன, வளைஞ்சு வளைஞ்சு இருக்கு?” என்றாள்.

“நறுக்கினா நேராயிடுங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு தராசில் ஏற்றச் சொன்னாள்.

ஜனவரி 3

சமவெளியில் விடாமல் மழை. அங்கே கிழங்கெல்லாம் கருகல் நோய் வந்து அழுகிப்போனதாம். எங்கள் மலைப்பக்கம் தப்பித்தது. விலை இரண்டு மடங்காகி, அதற்கு மேலும் ஏறிக்கொண்டிருக்கிறது. லாரிகள் வயலுக்கே வருகின்றன. ‘பார்க்கலாம்’ தானே பைக்கில் வந்து இறங்கினார். “இருக்கிறது எல்லாத்தையும் எடுத்துக்கறேன், இப்பவே, ரொக்கமா.” ஒரு தடவைகூட ‘பார்க்கலாம்’ என்று சொல்லவில்லை.

ஜனவரி 5

வாக்கைக் காப்பாற்றியது நான். விலை கிடைத்தது அவனுக்கு.

ஜனவரி 11

அண்ணன் ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். அவன் அதுவும் செய்யவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, ஒரு கட்டுப் பணத்தை மேஜைமேல் வைத்தான். “நிலம் ரெண்டு பேருக்கும் பொதுதானே.”

திருப்பித் தள்ளினேன்.

அண்ணி சொன்னாள்: “பணத்தை வாங்கிக்கோ. வேணும்னா உன் கோபத்தைத் திருப்பிக் குடு.”

வாங்கவில்லை. பறிப்புக்கூலி போக எனக்கு நின்றது சொற்பம். மோட்டார் வேறு முனகிக்கொண்டிருக்கிறது. இந்த ரோஷத்தை வைத்துக்கொண்டு மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்ற முடியுமா? வேலியோரம் மீசைக்காரர் நிறுத்தி ஆறுதல் சொல்கிறார்: “நீ பேசினது நல்ல பேச்சுதாம்மா. என்ன, அந்த வருஷத்துக்கு ஒத்துவரல.” கை தூக்கிய மனிதர்! சிரித்துத் தொலைத்தேன்.

அக்டோபர் 9

எதிர்பார்த்ததுதான். போன வருட விலையைப் பார்த்தவர்கள் யாரும் சும்மா இருக்கவில்லை. பட்டாணி போட்டவனும் கிழங்கு, முட்டைக்கோஸ் போட்டவனும் கிழங்கு. மீசைக்காரர் சரிவில் இன்னொரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். கூட்டம் போடுவோமா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

அண்ணன் கேட்டான்: “இந்த ஒரு வருஷம் உன் பாதியையும் குடேன். சேர்த்துப் போட்டுடறேன். லாபத்துல சரிபாதி.”

அக்டோபர் 13

கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நிஜமாகவே. ஒருவேளை இந்த வருடமும் எங்காவது மழை பெய்து, எவனுடைய கிழங்காவது அழுகினால்? — சீ, என்ன நினைப்பு இது! இன்னொருவன் வயல் அழுகினால்தான் எனக்குச் சோறு என்றால் இது என்ன தொழில்?

சமையல்காரி இந்த முறை கேரட்டும் கேட்டிருக்கிறாள். முடியாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். “உன் இஷ்டம்,” என்றான். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜனவரி 16

எங்கும் மழை இல்லை. எங்கும் நோய் இல்லை. எல்லோருக்கும் நன்றாக விளைந்திருக்கிறது. அண்ணன் இரண்டு வரிசை வெட்டிப் பார்த்துவிட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பினான். ‘பார்க்கலாம்’ போனை எடுப்பதில்லை.

ஜனவரி 22

காலையிலிருந்து டிராக்டர் சத்தம். கிழங்கை வெட்டாமல் அப்படியே உழுகிறான். வெட்டினால் கூலியைக் கைக்காசிலிருந்து கொடுக்க வேண்டுமாம். கலப்பைக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக வெட்டுப்பட்டுப் புரள்கின்றன. அண்ணி பார்க்க மாட்டாமல் உள்ளே போய்விட்டாள்.

‘சொன்னேனே’ என்ற ஒரு வார்த்தையை ஒரு வருடமாக நாக்கு நுனியில் வைத்திருந்தேன். மதியம் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். குடித்தான். செம்பைத் திருப்பித் தந்தான். அவன் கண்ணிமையெல்லாம் புழுதி. வெறுஞ்செம்போடு வீட்டுக்கு நடந்தேன்.

ஜனவரி 29

பீன்ஸ் பறிக்கிற பெண்களில் இரண்டு பேர் இன்று வரவில்லை. ஆஸ்பத்திரிச் சமையல்கூட வண்டி வருவதற்குள் முடியுமா என்று பதறிக்கொண்டிருந்தேன். அடுத்த வரிசையில் யாரோ குனிவது தெரிந்தது. அண்ணன். அண்ணியின் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். தடித்த விரல்கள், காயோடு கொடியும் சேர்ந்து வருகிறது. கொஞ்ச தூரம் போனதும் நிமிர்ந்து, ஒரு காயைத் தூக்கிக் காட்டினான்.

“இதைப் பறிக்கலாமா, இன்னும் ஒருநாள் விடணுமா?”

“பறிக்கலாம்ணா. அதுக்குப் பக்கத்துல இருக்கிறதை விட்டுடு.”

விட்டுவிட்டு, அடுத்த செடிக்கு நகர்ந்தான்.