இரண்டேகால் மணி நேரத்தில் வந்த வஞ்சிரம்

என் வாயாடி அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. எனக்கு இன்னும் காது அடைத்தபடியே இருக்கிறது. விமானம் இறங்கும்போது அடைத்தது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நம்பிவிட்டார்கள். நான் சொல்வது எதையும் நம்பாத ஒரே ஆள் நீதானே.

போர்ட் பிளேரிலிருந்து சென்னை ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். இங்கே அபர்டீன் பஜாரில் இதைச் சொல்லி எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன்! நாளெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து மாயாபந்தர் போகிற நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கித் திரும்பி வந்துவிடுவேன் என்பேன்.

உன் ஆபரேஷனுக்கு முந்தின நாளே வந்துவிடச் சொன்னாய். சின்ன ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஆனால் மெயின்லேண்டுக்கு வெறுங்கையோடு போகிற தீவுக்காரன் உண்டா? வண்டூர் மீன்காரரிடம் போய் நின்றேன். வஞ்சிரம் மறுநாள் படகில்தான் வரும், "கல் பக்கா, பாய்", நாளைக்கு நிச்சயம் என்று இந்தியில் அடித்துச் சொன்னார். படகு வருவதற்குள் என் விமானம் போய்விடும். பயணத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டேன்.

போனில் சொன்னதும் சிரித்தாய். "ஏன்டா, மீனுக்காக நான் காத்துக்கிட்டுக் கிடக்கணுமா?"

"ரெண்டேகால் மணி நேரம்தானேக்கா. உனக்கு மயக்கம் தெளியறதுக்குள்ள பக்கத்துல நிப்பேன்."

"மீன் வேணாம். சும்மா வாடா."

அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன். ஏன் அப்படி எடுத்துக்கொண்டேன்?

நடுவானில் பக்கத்து சீட்டுக்காரரிடம் உன் கதையைத்தான் அளந்துகொண்டிருந்தேன். பெண் பார்க்கக் கப்பலில் வந்து, தலைசுற்றல் நிற்காமல் உட்கார்ந்திருந்த அத்தானைப் பார்த்து, "பஜ்ஜி அப்புறம், மொதல்ல இவருக்கு எலுமிச்சம்பழம் குடுங்க" என்றாயே, அதை. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கீழே வெறும் கடல். அப்போது கடிகாரத்தைப் பார்த்தேன், காலை எட்டு மணி. நீ மயக்கம் தெளியாமலே போனதாக அத்தான் பிறகு சொன்ன நேரமும் அதுதான்.

இறங்கிப் போனை ஆன் செய்ததும் அத்தான் கூப்பிட்டார். "எறங்கிட்டியா மாப்ள?"

"எறங்கிட்டேன் அத்தான். டாக்ஸி புடிச்சு ஓடி வந்துடறேன்."

"ஓட வேணாம். வீட்டுக்கே வந்துடு, மெதுவாவே வா."

அதிசயமாக அன்று என் மீன் பெட்டிதான் முதலில் வந்தது. சாவு வீட்டு வாசலில் மீனோடு வந்து நின்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். யாரும் திட்டவில்லை, அக்கா. நீயாவது திட்டியிருப்பாய். மூடியைத் திறந்தால் ஐஸ் கல்லாக இருந்தது. ஒரு சொட்டுக்கூட உருகவில்லை.

உன் தலைப்பிரசவத்துக்கு அம்மா கப்பலில் மூன்று நாள் ஆடிக்கொண்டே போனாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். நான் மட்டும் எப்படித் தவறவிட்டேன்?

நேற்று உன் மகள் பேசினாள். அத்தானுக்குச் சாப்பாடே இறங்கவில்லையாம். "முடிஞ்சா வாங்க மாமா" என்றாள். நாளைக் காலை விமானத்தில் கிளம்புகிறேன். பஜாரில் அந்த மீன்காரர் எதிரே வந்தார். ஒரு நாள் பொறுத்தால் நல்ல மீன் கிடைக்குமாம். நான் நிற்கவில்லை.

இனி உன் வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் வருவேன், இரண்டு கையையும் வீசிக்கொண்டு. இதையாவது நம்பு.

இப்போதுதான் சும்மா வரக் கற்றுக்கொண்ட
உன் தம்பி